கல்விக் கடன் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும்

பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் மாணவரிடம் "உன் கடன் இன்றைக்கு எவ்வளவு நிற்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் "நாலு லட்சம் சாங்ஷன் ஆச்சு" என்பதுதான் பதிலாக வரும். சாங்ஷன் ஆனது, அதாவது வங்கி தர ஒப்புக்கொண்டது வேறு, வட்டியோடு சேர்ந்து இன்றைக்கு நிற்பது வேறு. அந்தத் தொகை தெரியாமல் இருப்பதுதான் பிள்ளைகளின் தூக்கத்தை அதிகம் கெடுக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வருடத்துக்கு 1 லட்சம் வீதம் நான்கு வருடம், வட்டி 10.5% என்று வைத்துக்கொள்ளுங்கள். படிப்புக் காலமும் அதன்பின் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டியதில்லை; இதைத்தான் சலுகைக் காலம் என்கிறார்கள். ஆனால் தனிவட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஐந்து வருட முடிவில் வட்டி மட்டும் 1,47,000. அது அசலோடு சேர்ந்து 5,47,000 ஆகும். பத்து வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 7,380 ரூபாய். பதினைந்து வருடமாக நீட்டினால் மாதம் 6,050 அளவில் வரும், ஆனால் மொத்தமாகக் கட்டுவது 8.86 லட்சத்திலிருந்து 10.88 லட்சமாக ஏறிவிடும். முதல் வேலையில் 15,000 சம்பளம் வாங்கி, வெளியூரில் அறை வாடகையும் கொடுக்கும் பிள்ளைக்கு இது என்ன பாரம் என்று யோசியுங்கள்.

இந்த வட்டியை ஏறவிடாமல் தடுக்க வழி இருக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, கல்லூரிக்கு நாக் (NAAC) தர அங்கீகாரமோ பாடப்பிரிவுக்கு என்பிஏ (NBA) தர அங்கீகாரமோ இருந்தால், சலுகைக் கால வட்டி முழுவதையும் மத்திய அரசே மானியமாகத் தருகிறது. மேலே சொன்ன கணக்கில் 1,47,000 அப்படியே கழிந்து, தவணை சுமார் 5,400க்கு இறங்கும். ஆனால் மானியத்தைக் கோர வேண்டியது வங்கிக் கிளை. தாசில்தார் தந்த வருமானச் சான்றிதழைக் கொடுத்துவிட்டு வந்தால் போதாது. கோரிக்கை அனுப்பினார்களா, பணம் கணக்கில் வரவானதா என்று வருடா வருடம் கேட்க வேண்டும். படிப்பை நடுவில் விட்டால் இந்த மானியம் போய்விடும், மருத்துவக் காரணம் போன்ற சில விலக்குகள் தவிர. மன அழுத்தத்தில் "காலேஜை விட்டுடறேன்" என்று நிற்கும் பிள்ளையிடம் வீட்டில் முதலில் பேச வேண்டிய விஷயங்களில் இதுவும் ஒன்று.

மானியம் கிடைக்காதவர்கள் முடிந்தால் படிக்கும்போதே வட்டியைக் கட்டிவிடலாம். முதல் வருடம் மாதம் 875 ரூபாய், இரண்டாம் வருடம் 1,750.

இனி, பிள்ளைகள் யாரிடமும் சொல்லாமல் சுமக்கும் பயத்துக்கு வருகிறேன். அடுத்த வருடக் கட்டணத்தை விடுவிக்க வங்கி மதிப்பெண் பட்டியல் கேட்கும். இரண்டு அரியர் இருந்தால் அதை வங்கியில் கொடுக்கவும் பயம், வீட்டில் சொல்லவும் பயம். இதற்குள் கல்லூரி கட்டணத்தைக் கேட்டு நெருக்கும். இந்த இடத்தில்தான் பலர் கடன் ஆப்பில் ஐயாயிரம், பத்தாயிரம் எடுக்கிறார்கள், மெஸ் சாப்பாட்டைக் குறைக்கிறார்கள், இரவில் டெலிவரி வேலைக்குப் போய்விட்டுக் காலை வகுப்பில் தூங்குகிறார்கள். அதனாலேயே அடுத்த அரியர் விழுகிறது. படிப்பைக் குறித்த காலத்தில் முடிக்க முடியாமல் போனால் அதிகபட்சம் இரண்டு வருடம் நீட்டிப்புத் தர இந்திய வங்கிகள் சங்கம் வகுத்த மாதிரிக் கல்விக் கடன் திட்டத்திலேயே இடம் இருக்கிறது. மேனேஜரிடம் எழுத்தில் கேட்டால் வழி பிறக்கும். மறைத்தால்தான் சிக்கல்.

இன்னொரு பாரம் பெற்றோரின் கையெழுத்து. அடமானம் இல்லாத கடனிலும் அப்பாவோ அம்மாவோ இணைக் கடனாளி. தவணை தவறினால், கடனை ஒழுங்காகக் கட்டுகிறார்களா என்று காட்டும் அவர்களுடைய சிபில் ஸ்கோரும் விழும், நாளை அவர்கள் வேறு கடன் கேட்டுப் போனால் அங்கே தடங்கல் வரும். இது தெரிந்த பிள்ளை, பிடிக்காத வேலையானாலும் கிடைத்த முதல் வேலையில் சேர்ந்துவிடுகிறது. மேற்படிப்பு ஆசையை வாய்விட்டுச் சொல்வதுகூட இல்லை. ஆஃபர் லெட்டர் கையில் இருந்தும் சேரும் தேதி தள்ளிப்போனால் நிலைமை இன்னும் மோசம், ஏனென்றால் அந்த ஒரு வருடக் கெடு படிப்பு முடிந்த நாளிலிருந்து ஓடுகிறது. வேலையில் சேரும் நாளுக்காக அது காத்திருக்காது.

வேலை கிடைக்கவில்லை, அல்லது சம்பளம் போதவில்லை என்றால், கடன் காலத்தில் இரண்டு மூன்று முறை தவணையை ஒத்திவைக்கவும் அதே மாதிரித் திட்டம் இடம் தருகிறது. தவணை 90 நாள் தாண்டினால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும் என்பதால், முதல் தவணை தேதிக்கு முன்பே கடிதம் கொடுத்து, நகலில் கிளையின் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் இணையத்திலேயே புகார் செய்யலாம், கட்டணம் கிடையாது. வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ அழைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. மிரட்டல் அழைப்பு வந்தால் நேரத்தையும் எண்ணையும் குறித்து வைத்துப் புகாரில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மனசு தாங்கவில்லை என்றால் 14416 என்ற டெலி மனஸ் (அரசின் மனநல ஆலோசனை சேவை) எண்ணுக்கு எந்த நேரத்திலும் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள்.

கல்லூரிகளிடம் ஒரு கோரிக்கை. முதல் செமஸ்டரிலேயே ஒரு மணி நேரம் ஒதுக்கி, கடன் வாங்கிய ஒவ்வொரு மாணவரும் தன் ஸ்டேட்மென்டை வாசிக்கக் கற்றுக்கொடுங்கள். கட்டணம் வங்கியிலிருந்து வரத் தாமதமானால், அதற்காக ஹால் டிக்கெட்டை நிறுத்தாதீர்கள்.