தலைதீபாவளிக்கு முன்னால் ஒரு எவரெஸ்ட்

(பாளையங்கோட்டையில் ஒரு மாடி வீடு. காலை ஆறரை மணி. போன தை மாதம் கல்யாணமான மாப்பிள்ளை முதுகில் பெரிய பையோடு மாடிப்படியில் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறார். மின்வாரியத்தில் லைன்மேனாகச் சேர்ந்து ஃபோர்மேனாக ஓய்வு பெற்ற மாமனார், கீழே நாற்காலி போட்டு காபியை ஆற்றியபடி எத்தனை தடவை என்று எண்ணிக்கொண்டிருக்கிறார். விருந்துக்கு வந்த மாப்பிள்ளை இப்படிச் செய்தால் எந்த மாமனாருக்குத்தான் காபி இறங்கும்?)

மாமா: மாப்பிள்ளை, தப்பா நினைக்காதீங்க. அந்தப் பையில் என்ன இருக்கிறது?

மாப்பிள்ளை: (மூச்சு வாங்க) அரிசி மாமா. பத்து கிலோ.

மாமா: அடப்பாவமே. ராத்திரி ஊறப்போடலாம் என்று போன உங்க அத்தை, மூட்டையைக் காணோம் என்று அரை மணி நேரம் என்னைக் குறுக்கு விசாரணை செய்தாள். இட்லி அரிசியைத் தூக்கிக்கொண்டு மாடிக்கும் கீழுக்கும் நடப்பது எந்த ஊர் வேண்டுதல்?

மாப்பிள்ளை: வேண்டுதல் இல்லை மாமா, பயிற்சி. அக்டோபரில் எவரெஸ்ட் பேஸ் கேம்ப் போகிறேன், உச்சிக்கு ஏறுகிறவர்கள் கூடாரம் போடுகிற அடிவாரம் வரைக்கும்தான். பாளையங்கோட்டைத் தெருவில் மலைக்கு எங்கே போவது, படிதான் கதி.

மாமா: எவரெஸ்டா! செல்விக்குத் தெரியுமா?

மாப்பிள்ளை: தெரியும். லீவு கிடைக்காததால் அவள் வரவில்லை. போயிட்டு வாங்க, அரிசியை மட்டும் வைத்துவிட்டுப் போங்க என்றாள்.

மாமா: அவள் அம்மா புத்தி அப்படியே. சரி, தலைதீபாவளிக்கு வந்துவிடுவீர்களா? மோதிரத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தாச்சு. சொந்தக்காரர்களை எல்லாம் கூப்பிட்டு வைத்துவிட்டு, மோதிரத்தை உங்க போட்டோவுக்கா போடுவது?

மாப்பிள்ளை: தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பே வந்துவிடுவேன் மாமா. காத்மாண்டு போய், அங்கிருந்து நடை தொடங்குகிற லுக்லாவுக்குச் சின்ன விமானம். சீசன் நேரத்தில் காத்மாண்டுவில் நெரிசல், அதனால் ராமேச்சாப் என்ற ஊருக்கு நடுராத்திரி வண்டியில் கிளம்பிப் போய் அங்கே ஏறவேண்டியிருக்கும்.

மாமா: ராமேஸ்வரமா? அது நமக்குப் பக்கமாச்சே!

மாப்பிள்ளை: ராமேச்சாப் மாமா. நேபாளம்.

மாமா: சரி சரி. விமானம் நல்ல விமானம்தானே?

மாப்பிள்ளை: (தயங்கி) விமானம் நல்லதுதான். ஓடுபாதைதான் 527 மீட்டர்.

மாமா: 527 மீட்டரா? 24 பெட்டி போட்ட ரயிலே அதைவிட நீளம்!

மாப்பிள்ளை: அதனால்தான் பாதையையே சரிவாகப் போட்டிருக்கிறார்கள். இறங்கும்போது மேட்டில் ஏறி வேகம் குறையும், கிளம்பும்போது பள்ளத்தில் ஓடி வேகம் பிடிக்கும். ஒரு முனையில் மலை, இன்னொரு முனையில் பள்ளத்தாக்கு. மேகம் மூடினால் அன்றைக்கு விமானமே கிடையாது. அதற்காக இரண்டு நாள் கூடுதலாக வைத்திருக்கிறேன்.

மாமா: இரண்டு போதாது. மோதிரத்துக்காகச் சொல்கிறேன், நான்காக வையுங்க. அந்த லுக்லா எவ்வளவு உயரம்?

மாப்பிள்ளை: 2,860 மீட்டர். நம்ம ஊட்டி தொட்டபெட்டா 2,637, மூணாறுப் பக்கம் ஆனைமுடி 2,695. அதாவது விமானத்தை விட்டு இறங்கி நிற்கும்போதே தென்னிந்தியாவில் எந்த மலையில் நின்றாலும் எட்டாத உயரம். அங்கிருந்து நடந்து நடந்து 5,364 மீட்டர் உயரத்தில் இருக்கிற பேஸ் கேம்ப்.

மாமா: நம்ம பொதிகை?

மாப்பிள்ளை: 1,868.

மாமா: (பொதிகையை யாரோ திட்டிவிட்ட மாதிரி முகம் சுளித்து) அகத்தியர் போதும் என்று உட்கார்ந்த உயரம் அது. சரி, மேலே என்னதான் பிரச்சினை? ஆக்சிஜன் இல்லை என்கிறார்களே, நம்ம ஊரில் எத்தனை சதவீதம்?

மாப்பிள்ளை: 21.

மாமா: அங்கே?

மாப்பிள்ளை: அங்கேயும் 21தான்.

மாமா: அப்புறம் எதற்கு இந்த ஊரைக் கூட்டுகிற அலட்டல்?

மாப்பிள்ளை: சதவீதம் மாறாது மாமா, காற்றின் அழுத்தம் குறைந்துவிடும். பேஸ் கேம்பில் இங்கே இருப்பதில் பாதிதான். ஒரு மூச்சு இழுத்தால் கிடைக்கிற ஆக்சிஜனும் கிட்டத்தட்ட பாதி.

மாமா: (நாற்காலியை முன்னால் இழுத்து) லோ வோல்டேஜ் என்று சொல்லுங்க! ஃபேன் நல்ல ஃபேன், வயரிங் சரி, ஆனால் சித்திரை மாதம் சாயங்காலம் ஏழு மணிக்குச் சுற்றவே மாட்டேன் என்று முனகும்.

மாப்பிள்ளை: அதேதான் மாமா! இவ்வளவு தெளிவாக யாருமே சொன்னதில்லை.

மாமா: இருங்க, முடிக்கவில்லை. வோல்டேஜ் இல்லாத வீட்டில் ஃபேனுக்கு எண்ணெய் போட்டு என்ன பிரயோஜனம்? அரிசி மூட்டையைத் தூக்கிப் படி ஏறுகிறீர்களே, அது ஃபேனுக்கு எண்ணெய் போடுகிற வேலை.

(மாப்பிள்ளை அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிடுகிறார். மாமனார் தெரியாமல் சொன்னாலும் விஷயம் சரிதான். படி ஏறினால் கால் தாங்கும், மூச்சு சீக்கிரம் இரைக்காது, ஆனால் உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வருகிற உயர நோய் வருமா வராதா என்பதற்கும் தொடையின் சுற்றளவுக்கும் சம்பந்தம் கிடையாது. ஜிம்முக்குப் போகிற இளவட்டங்கள்தான் விறுவிறுவென்று முன்னால் போய்விட்டு ராத்திரி தலையைப் பிடித்துக்கொண்டு உட்காருவார்கள்.)

மாப்பிள்ளை: உண்மைதான். மெதுவாக ஏறுவதுதான் வைத்தியம். 3,000 மீட்டர் தாண்டிவிட்டால் ராத்திரி தூங்குகிற இடம் முந்தின ராத்திரியைவிட 500 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது. மூன்று நான்கு நாளைக்கு ஒரு தடவை ஓய்வு நாள். முதல் நாளே லுக்லாவிலிருந்து பாக்டிங், 2,610 மீட்டர்.

மாமா: 2,860இல் இறங்கி 2,610க்குப் போகிறீர்களா? எவரெஸ்டுக்குக் கிளம்பி முதல் நாளே கீழே இறங்குகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன்.

மாப்பிள்ளை: அப்புறம் நாம்சே பஜார், 3,440. அங்கே ஒரு நாள் ஓய்வு. அன்றைக்கு 3,880 மீட்டர் வரை ஏறிவிட்டு மறுபடி நாம்சேக்கே இறங்கித் தூங்கணும்.

மாமா: அதற்குப் பெயர் ஓய்வா? எங்க உதவிப் பொறியாளர் ஏ.ஈ.யும் இப்படித்தான், ஞாயிற்றுக்கிழமை லீவு எடுத்துக்கோங்க, வருகிற வழியில் அந்த ட்ரான்ஸ்ஃபார்மரை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போங்க என்பார். சரி, கஷ்டப்பட்டு பேஸ் கேம்ப் போனதும் எவரெஸ்ட் பெரிதாகத் தெரியும் இல்லையா? வீடியோ கால் போடுங்க, அத்தையும் பார்ப்பாள்.

மாப்பிள்ளை: (தரையைப் பார்த்தபடி) பேஸ் கேம்பிலிருந்து எவரெஸ்ட் உச்சி தெரியாது மாமா.

மாமா: என்னது?

மாப்பிள்ளை: முன்னால் இருக்கிற மலைகள் மறைத்துவிடும். பார்க்கணும் என்றால் மறுநாள் விடிவதற்கு முன் எழுந்து காலா பத்தர் என்று ஒரு மேடு, 5,500 மீட்டருக்கும் மேலே, அதில் ஏறணும்.

மாமா: லட்ச ரூபாய்க்கு மேல் செலவு செய்து, வாரக்கணக்கில் நடந்து, சாமி சன்னிதி வரைக்கும் போய், சாமியைப் பார்க்க வேறு தெருவுக்குப் போகணுமா?

மாப்பிள்ளை: அப்படி இல்லை மாமா...

மாமா: வேறு எப்படி? (காபியை ஒரே மடக்கில் முடிக்கிறார்.) சரி, தலைவலி வந்தால்?

மாப்பிள்ளை: தலைவலி, வாந்தி, சாப்பாடே பிடிக்காமல் போவது, இதெல்லாம் ஆரம்பம். வந்தால் அதற்கு மேல் ஏறக் கூடாது. குறையாவிட்டால் இறங்கிவிடணும். டயமாக்ஸ் என்று ஒரு மாத்திரை உண்டு, டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார், 125 மில்லி கிராம், காலை ஒன்று ராத்திரி ஒன்று, ஏறுவதற்கு முந்தின நாளே தொடங்கணும். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடணும் என்றார். விரல் நுனி மரத்த மாதிரி குறுகுறு என்று இருக்குமாம், ஒன்றுக்கு அடிக்கடி வருமாம்.

மாமா: ஜீரோவுக்குக் கீழே போகிற குளிரில், ராத்திரி, அடிக்கடியா? அந்த மாத்திரையைக் கண்டுபிடித்தவன் கடலோரத்துக்காரனாகத்தான் இருப்பான்.

மாப்பிள்ளை: இன்னொன்று, அதைச் சாப்பிட்டால் சோடா, பீர் எல்லாம் ருசியே கெட்டுப்போய்விடும் என்கிறார்கள்.

மாமா: யார் என்கிறார்கள்?

மாப்பிள்ளை: (வேகமாக) சோடா மாமா. கோலி சோடா. பொதுவாகச் சொன்னேன்.

மாமா: (நீண்ட நேரம் உற்றுப் பார்த்துவிட்டு) மேலே சொல்லுங்க.

மாப்பிள்ளை: உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் நுரையீரலில் நீர் சேர்கிறது என்று அர்த்தம். பேச்சு குழறினாலோ குடித்தவன் மாதிரி தள்ளாடினாலோ மூளை வீங்குகிறது என்று அர்த்தம். இரண்டில் எது வந்தாலும் ராத்திரி என்று பார்க்காமல் உடனே இறங்கணும், காத்திருந்தால் உயிருக்கே ஆபத்து. தள்ளாட்டத்தைக் கண்டுபிடிக்க, தரையில் கோடு போட்டு, ஒரு குதிகாலை இன்னொரு கால் விரலில் ஒட்டி ஒட்டி வைத்து நடக்கச் சொல்வார்கள்.

மாமா: எங்கே, நடங்க பார்ப்போம்.

மாப்பிள்ளை: இங்கேயா?

மாமா: டைல்ஸ் இணைப்பு நேர்க்கோடுதானே, அதில் நடங்க.

(மாப்பிள்ளை பையை இறக்காமலே நடக்கிறார். நான்கு நாளாகப் படி ஏறியதில் கெண்டைக்கால் இரண்டும் கட்டிப்போய்க் கிடக்கின்றன. மூன்றாவது அடியில் அரிசி இடதுபக்கம் சரிகிறது, மாப்பிள்ளையும் கூடவே சரிந்து வாஷிங் மெஷினைப் பிடித்துக்கொள்கிறார்.)

மாமா: மாப்பிள்ளை, உடனே கீழே இறங்குங்க.

மாப்பிள்ளை: இதற்குக் கீழே தாமிரபரணிதான் மாமா.

மாமா: ஷூ எங்கே? வெறுங்காலோடா பழகுகிறீர்கள்?

மாப்பிள்ளை: வாங்கி வைத்திருக்கிறேன், பெட்டியில் இருக்கிறது. போகிற அன்றைக்குப் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம் என்று.

மாமா: ரிசப்ஷன் அன்றைக்கும் புதிதாகத்தான் போட்டீர்கள். மேடையில் மூன்று மணி நேரம் ஒற்றைக் காலில் நின்றதில், மாப்பிள்ளைக்குக் கால் ஊனமா என்று என் பெரியம்மா என்னிடம் கேட்டாள். கம்பம் ஏறுகிறவன் புது ஷூவோடு வேலைக்கு வந்தால் அன்றைக்கு அவனைக் கீழேதான் நிறுத்துவோம். இன்றைக்கே போட்டு நடங்க, நடந்தே போய்ப் பால் வாங்கி வாங்க. விரலுக்கு முன்னால் இடம் இருக்கா? நகத்தை வெட்டிவிடுங்க, இறக்கத்தில் முட்டிக் கறுத்துப்போகும். பனியன்?

மாப்பிள்ளை: பருத்தி கூடாது. வியர்வையில் நனைந்தால் காயாது, குளிர் உடம்பில் இறங்கிவிடும். சட்டென்று காய்கிற துணி உள்ளே, கம்பளி நடுவில், காற்றும் மழையும் புகாத ஜாக்கெட் மேலே.

மாமா: அதில் மட்டும் விவரமாக இருக்கிறீர்கள். சாப்பாட்டுக்கு அத்தை எல்லாம் எடுத்து வைத்துவிடுவாள். முறுக்கு, இட்லிப் பொடி, நார்த்தங்காய் ஊறுகாய், அல்வா மட்டும் மூன்று கிலோ.

மாப்பிள்ளை: மாமா, லுக்லா விமானத்தில் எல்லாம் சேர்த்தே 15 கிலோதான்! அந்தக் குளிரில் நெய் உறைந்து அல்வா செங்கல்லாகிவிடும்.

மாமா: செங்கல்லாகட்டும், ஓரத்தில் கடித்துக்கொள்ளலாம். பசியே எடுக்காது என்று நீங்கதானே சொன்னீர்கள்? பசிக்காத வாய்க்கு இனிப்புதான் இறங்கும்.

மாப்பிள்ளை: (யோசித்து) அது ஒருவகையில் சரிதான். அரை கிலோ கொடுங்க.

மாமா: ஒன்று. சோறு கிடைக்குமா?

மாப்பிள்ளை: பருப்பும் சோறும்தான் அங்கே பிரதானம், கேட்கக் கேட்க மறுபடியும் போடுவார்கள். குக்கரில்தான் வேகும். 5,000 மீட்டரில் தண்ணீர் 83 டிகிரியிலேயே கொதித்துவிடும், வெறும் பானையில் வைத்தால் அரிசி வேகாது.

மாமா: காபியும் 83தானா? நல்லது, ஆற்றுகிற வேலை மிச்சம். பேப்பர் எல்லாம் சரியா? ஆதார் எடுத்துக்கொண்டீர்களா?

மாப்பிள்ளை: நேபாள விமானத்துக்கு என் வயதுக்காரர்களுக்கு ஆதார் செல்லாது மாமா. பாஸ்போர்ட், இல்லாவிட்டால் வாக்காளர் அட்டை.

மாமா: ஆதார் கேட்காத ஊரா? அதற்காகவே ஒரு தடவை போகலாம் போலிருக்கிறதே! இன்சூரன்ஸ்?

மாப்பிள்ளை: (உற்சாகமாக) அதில்தான் மாமா நான் கெட்டி. சாதாரணப் பயண இன்சூரன்ஸில் இந்த உயரம் பெரும்பாலும் வராது, தனியாகக் கேட்டு எடுத்திருக்கிறேன். 6,000 மீட்டர் வரைக்கும் செல்லும், ஹெலிகாப்டரில் தூக்கிவருகிற செலவும் சேர்த்து. பாருங்க.

(செல்போனை நீட்டுகிறார். மாமனார் கண்ணாடியைத் துடைத்து மாட்டி, மின்வாரிய ரசீதைச் சரிபார்த்த அதே கவனத்தோடு விரலால் தள்ளித் தள்ளிப் படிக்கிறார். ஓரிடத்தில் விரல் நிற்கிறது.)

மாமா: நாமினி என்று போட்டிருக்கிறதே. இது யார் பெயர்?

மாப்பிள்ளை: அம்மா பெயர் மாமா. கல்யாணத்துக்கு முன்னால் எடுத்த கணக்கு, பழைய விவரமே தானாக வந்துவிட்டது.

மாமா: ஓஹோ, தானாக.

மாப்பிள்ளை: ஆமாம் மாமா, நான் கவனிக்கவே இல்லை.

மாமா: (எழுந்து சட்டையை மாட்டுகிறார்) பையை இறக்குங்க. அரிசியை அத்தையிடம் கொடுத்துவிட்டு வாங்க.

மாப்பிள்ளை: இன்னும் இருபது தடவை ஏறணுமே மாமா?

மாமா: அதெல்லாம் சாயங்காலம். இன்டர்நெட் சென்டரில் நம்ம பையன்தான், வாசலில் நின்று போன் பண்ணினால் இப்போதே ஷட்டரைத் தூக்கிவிடுவான். அந்தப் புது ஷூவையும் மாட்டிக்கொண்டு வாங்க, நடந்தே போவோம்.