கும்பிடுவதோடு நின்றுவிடலாமா?

புத்தர் தன்னை வணங்கச் சொன்னாரா என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது அவருடைய கடைசி நாளைப் பற்றித்தான். வட இந்தியாவில் குசிநாரா என்ற ஊரில் இரண்டு சால மரங்களுக்கு நடுவே படுத்திருக்கிறார். பருவம் இல்லாத பருவத்தில் பூத்த பூக்கள் அவர் மேல் உதிர்கின்றன, வானத்தில் இசை கேட்கிறது என்கிறது அவருடைய கடைசி நாட்களைச் சொல்லும் மகாபரிநிர்வாண சூத்திரம். அப்போது தன் சீடர் ஆனந்தரிடம் அவர் சொல்வது இதுதான்: இவ்வளவு மட்டும் செய்வது எனக்கு மரியாதை ஆகாது, தம்மத்தின்படி, அதாவது நான் போதித்த நெறியின்படி, வாழ்கிறவர்தான் எனக்கு உயர்ந்த மரியாதை செய்கிறார்.

இன்னொரு முறை ஒரு ஊர்த்தலைவர் வந்து, இறந்தவரைச் சடங்கு செய்து சொர்க்கத்துக்கு அனுப்பும் பிராமணர்கள் இருக்கிறார்களே, உங்களால் முடியுமா என்று கேட்கிறார். புத்தர் திருப்பிக் கேட்கிறார்: ஆழமான குளத்தில் பாறாங்கல்லைப் போட்டுவிட்டு, ஊரே கூடிக் கைகூப்பிச் சுற்றி வந்து "கல்லே, மேலே வா" என்று வேண்டினால் வருமா?

சரி, அப்படியானால் என்னதான் செய்வது? அதற்கான பதில், விழிப்போடு கவனிப்பதைப் பற்றிப் புத்தர் சொன்ன சதிபட்டான சூத்திரத்தில் இருக்கிறது. மூச்சு உள்ளே போவதைக் கவனி. கோபம் இருக்கும்போது, இந்த மனதில் கோபம் இருக்கிறது என்று அறி. இல்லாதபோது, இல்லை என்று அறி. கோபத்தை அடக்கு என்றோ, அதற்காக உன்னையே வெறுத்துக்கொள் என்றோ அந்த இடத்தில் சொல்லவில்லை. முதலில் பார்க்கச் சொல்கிறார். கேட்க எளிது. ஆனால் வீட்டில் ஒரு வாக்குவாதத்தின் நடுவே செய்து பாருங்கள், எவ்வளவு கடினம் என்று புரியும். நாம் கோபப்படுகிறோம் என்பதே பாதி நேரம் நமக்குத் தெரிவதில்லை, எதிராளி செய்த தவறு மட்டும்தான் தெரிகிறது. என்னைப் பொறுத்தவரை பௌத்தத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

இதனால் விகாரைக்குப் போகிறவர்களை நான் குறைத்துப் பேசுவதாக நினைக்க வேண்டாம். இலங்கையில் புத்தருக்குப் பூ வைக்கும்போது சொல்லும் பாலிப் பாடலில், இந்தப் பூ வாடுவதுபோல என் உடலும் அழிவை நோக்கிப் போகிறது என்று ஒரு வரி வருகிறது. அந்த வரியை உணர்ந்து சொன்னால் அந்தப் பூசையே தியானம்தான். வாய் மட்டும் சொல்லி, மனம் வேண்டுதல் பட்டியலைப் புரட்டிக்கொண்டிருந்தால் அது வேறு.

அப்புறம், இதெல்லாம் துறவிகளுக்குத்தானே, குடும்பஸ்தனுக்கு எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். குசிநாராவில் ஆனந்தரிடம் பேசியபோது பிக்கு, பிக்குணியோடு நிறுத்தாமல், இல்லறத்தில் இருக்கும் ஆண்களையும் பெண்களையும் சேர்த்துத்தான் புத்தர் சொன்னார்.