அட்டையில் வேகத்தைப் போட ஏன் இவ்வளவு பயம்?

ஹார்ட் டிஸ்க் வாங்குகிறவனுக்கு உண்மையைச் சொல்லக்கூடாது என்று எல்லாரும் சேர்ந்து முடிவு செய்துவிட்டார்களா? அட்டையில் எத்தனை டிபி என்று இருக்கும். பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் 'சாட்டா 6 ஜிகாபிட்'. அது டிஸ்க்கின் வேகமே இல்லை, டிஸ்க்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் சாட்டா கேபிள் தாங்கும் அளவு! கணக்குப்படி நொடிக்கு 600 எம்பி. வீட்டுக்கு வாங்கும் சாதா டிஸ்க்கில் பெரிய ஃபைலை நேராகப் படித்தாலே 200 எம்பி வருவது பெரும்பாடு. அதுவும் டிஸ்க்குக்குள் சுழலும் தட்டின் வெளி ஓரத்தில்தான். உள்ளே போகப் போகப் பாதியாகிவிடும்.

நம் உயிரை எடுப்பது அதுகூட இல்லை, காத்திருப்பு. தட்டைப் படிக்கும் முனையான ஹெட், டேட்டா இருக்கும் வட்டத் தடத்துக்கு நகர வேண்டும். அப்புறம் வேண்டிய இடம் சுழன்று அதன் கீழே வர வேண்டும். 5400 ஆர்பிஎம், அதாவது நிமிடத்துக்கு 5400 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 11 மில்லிநொடி, சராசரியாக அரைச் சுற்றுக் காத்திருப்பு. ஹெட் நகர இன்னும் 10 மில்லிநொடி போல. ஆக, நொடிக்கு 60, 70 துண்டுகள் எடுத்தாலே அதிகம். விண்டோஸ் திறக்கும்போது கேட்பதில் பெரும்பகுதி இப்படிச் சிதறிக் கிடக்கும் சின்னத் துண்டுகள்தான். துண்டுக்கு 4 கேபி என்று வைத்தால் நொடிக்கு அரை எம்பி கூடத் தேறாது. கடையில் கேட்டால் "ரேம் ஏத்துங்க சார்" என்கிறார்கள். ரேம் பாதி காலியாகக் கிடக்கும்போது இன்னும் ஏற்றி என்ன ஆகப்போகிறது?

எஸ்எம்ஆர் என்கிற எழுதும் முறை இதைவிட மோசம். கூரை ஓடு போலத் தடங்களை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி எழுதுகிறார்கள். நடுவில் ஒன்றை மாற்ற வேண்டுமென்றால் அடுத்தடுத்த தடங்களையும் திருப்பி எழுதியாக வேண்டும். தொடர்ந்து எழுதினால் கொஞ்ச நேரத்தில் டிஸ்க் தவழ ஆரம்பித்துவிடும். என்ஏஎஸ்ஸுக்கென்றே (நெட்வொர்க்கில் மாட்டும் சேமிப்புப் பெட்டி) விற்ற வெஸ்டர்ன் டிஜிட்டல் ரெட் டிஸ்க்குகளில், 2 முதல் 6 டிபி வரை, இதைச் சொல்லாமலே வைத்திருந்தது 2020-இல்தான் அம்பலமானது. சீகேட், டோஷிபாவும் சில மாடல்களில் இதையேதான் செய்திருந்தன. பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து ஓட்டும் ரெய்டில் ஒரு டிஸ்க் போய், புதிதாக மாட்டியது டேட்டாவை ஏற்ற முடியாமல் திணறினால் அந்த மனிதன் யாரிடம் போய்க் கேட்பான்?

சுழற்சி வேகம், ஹெட் நகரும் நேரம், எஸ்எம்ஆரா, தடங்களை ஏற்றாமல் தனித்தனியாக எழுதும் சிஎம்ஆரா. இந்த மூன்றையும் டிபி எண் அளவுக்கே பெரிதாக அட்டையில் போடுங்கள். முன்பெல்லாம் டேட்டா ஷீட்டிலாவது சராசரி சீக் டைம், அதாவது ஹெட் நகரும் நேரம் இருந்தது. இப்போது பல மாடல்களில் அந்த வரியையும் தூக்கிவிட்டார்கள்!