நாங்கள் நடனக் குழு இல்லை

ஞாயிற்றுக்கிழமை, பால்புதுமையரின் (தன்பாலீர்ப்பாளர், திருநர் முதலானோரின்) பிரைட் பேரணியில் நடந்ததை இதோடு விட்டுவிடு என்று மூன்று நண்பர்கள் உள்பெட்டியில் சொல்லிவிட்டார்கள். காணொளியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். என்னால் விட முடியவில்லை.

நாங்கள் தமிழ்ப் பால்புதுமையர் பதினோரு பேர். ஆட்டமில்லை, பாட்டில்லை, கையில் ஒரு பதாகை. மேடையைத் தாண்டும்போது ஒலிபெருக்கியில், "அடுத்து ஆசிய நடனக் குழு, என்ன அழகான உடைகள்!" என்றார் அறிவிப்பாளர். நான்கு பேர் புடவை கட்டியிருந்தார்கள், அவ்வளவுதான். பதாகையில் 'சுயமரியாதை' என்று துணியில் வெட்டித் தைத்திருந்தோம். சென்னைப் பேரணிக்கு வானவில் சுயமரியாதைப் பேரணி என்றுதானே பெயர். 'தை'யின் கொம்பு சரியாக வளையவில்லை என்று அக்கா மூன்று முறை பிரித்துத் தைத்தார். கீழே ஆங்கிலத்திலும் எழுதியிருந்தது. படிக்க ஒரு நொடி போதும்.

அந்த அக்காவுக்கு வயது அறுபத்திரண்டு. ஒரு தன்னார்வலர் அவர் கையைப் பிடித்து, "பிள்ளைக்காக வந்தீர்களா? எவ்வளவு நல்ல அம்மா!" என்றார். அக்கா தன் துணைவியோடு இருபது வருஷமாக வாழ்கிறவர். ஒன்றும் சொல்லாமல் சிரித்து வைத்தார். அந்தச் சிரிப்பு என் கண்ணைவிட்டுப் போக மாட்டேன் என்கிறது.

சின்ன விஷயத்தைப் பெரிதாக்குகிறேனாம். ஒரு தடவை என்றால் சின்ன விஷயம்தான். ஆனால் எங்களைப் பால்புதுமையராகப் பார்க்கவே இந்தப் பேரணிக்காரர்களுக்குத் தோன்றுவதில்லை. விருந்தினர், கலைஞர், யாரோ ஒருவரின் அம்மா. எதுவாகவும் இருக்கலாம், அதுவாக மட்டும் இருக்கக் கூடாது.

இடம் கொடுத்தார்களே, நன்றி வேண்டாமா என்கிறார் ஒருவர். யார் யாருக்கு இடம் கொடுத்தது? 1986-இலேயே சான்பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் திரிகோண் என்ற தெற்காசியப் பால்புதுமையர் அமைப்பைத் தொடங்கியாயிற்று. அடுத்த வருஷம் டொராண்டோவில் அதேபோல குஷ் என்ற அமைப்பு. 2016-இல் டொராண்டோ பிரைட் பேரணியைக் கறுப்பினத் தோழர்கள் அரைமணி நேரம் மறித்து உட்கார்ந்தபோது, தெற்காசியர் மேடையைத் திருப்பிக் கொடு என்பதும் அவர்கள் கோரிக்கைகளில் ஒன்று. எங்களுக்காக இன்னொருவர் சாலையில் உட்கார வேண்டியிருந்தது. நன்றி சொல்வதென்றால் அவர்களுக்குச் சொல்கிறேன்.

முதலில் நம் வீடுகளைத் திருத்து என்பவர்களுக்கு: சரி, அது உண்மைதான். ஆனால் வீட்டில் என்ன சொல்கிறார்கள் தெரியுமா? இது வெள்ளைக்காரர்களின் பழக்கம், நம் ஆட்களிடம் கிடையாது என்கிறார்கள். 1999-இலேயே கொல்கத்தாவில் பதினைந்து பேர் இப்படிப் பேரணி நடந்தார்களே, 2009-இலிருந்து சென்னையில் நடக்கிறார்களே என்று எத்தனை தடவை சொல்வது? போன வருஷம் பேரணியின் படத்தொகுப்பை அம்மாவுக்கு அனுப்பினேன். முழுக்கத் தள்ளிப் பார்த்துவிட்டு, "இதுல நம்ம ஆளுங்க ஒருத்தரும் இல்லையேடா" என்றார். நாங்கள் அன்றைக்கும் நடந்தோம். ஒரு படத்திலும் இல்லை. அம்மா சொன்னதற்குப் பேரணிக்காரர்களே சாட்சி கொடுத்துவிட்டார்கள்.

அதனால்தான் இந்த வருஷம் காணொளியையே அனுப்பினேன். என் முகம் தெளிவாகத் தெரிகிறது. அம்மா உடனே கூப்பிட்டார். "டான்ஸ் ஆடவா போயிருந்தே?" குரலில் அப்படி ஒரு நிம்மதி. ஆமாம் என்று சொல்லிவிடு என்று கெஞ்சுவது போல இருந்தது.

"இல்லம்மா, நடக்கத்தான் போனேன்" என்றேன். அதற்கப்புறம் அம்மா பேசவில்லை.