பூங்காவைத் திறப்பது எளிது, பேணுவதே கடினம்

நகரப் பூங்காக்களை மேம்படுத்தப் புதிய நடைபாதைகளும் அலங்கார விளக்குகளும் உயரமான சுற்றுச்சுவரும் தேவை என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை; ஆனால் அன்றாடப் பராமரிப்புக்கான ஆளும் பணமும் எங்கிருந்து வரும் என்பதைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. மரங்களின் உறிஞ்சும் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணின் சுமார் 60 சென்டிமீட்டருக்குள்ளேயே பரவியிருப்பதால், அடிமரத்தை ஒட்டிச் சிமெண்ட் தளம் போடுவதும், ஓயாத மிதிபாட்டில் மண் இறுகுவதைக் கண்டுகொள்ளாமல் விடுவதும், நீரும் காற்றும் வேர்களை அடையாமல் தடுத்து, பல ஆண்டுகள் கழித்தே வெளியில் தெரியும் சேதத்தை உண்டாக்குகின்றன. உதிர்ந்த இலைகளைக் கூட்டி எரிப்பதற்குப் பதில் 5 முதல் 10 சென்டிமீட்டர் தடிமனில் மூடாக்காக, அதாவது மண்ணை மூடிக் காக்கும் படுக்கையாக, இடலாம். அடிமரத்தின் மீது குவித்தால் மட்டும் பட்டை அழுகிவிடும். (சுத்தம் என்றால் வெறுந்தரை என்று எண்ணும் பழக்கம் எப்போது போகுமோ!)

சுற்றுச்சுவர் யோசனையில் எனக்குச் சிறிதும் உடன்பாடில்லை. நியூயார்க்கின் பிரையன்ட் பூங்கா 1992இல் மீண்டும் திறக்கப்பட்டபோது, பார்வையை மறைத்த புதர்வேலிகள் அகற்றப்பட்டு, வாயில்கள் அகலமாக்கப்பட்டு, விரும்பிய இடத்துக்கு நகர்த்திக்கொள்ளும் நாற்காலிகள் போடப்பட்டன. அதுவரை அஞ்சி ஒதுங்கியிருந்த மக்கள் அதன்பின் அங்கே திரும்பி வந்தனர்.