காற்றுத்தர சென்சார் கெட்டால் ஏர்கோனையே மாற்ற வேண்டுமா?

சுங்கை சிப்புட்டில் எங்கள் தோட்டத்துப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் ஒரு தகவல் சுற்றுகிறது: காரின் காற்றுத்தர சென்சார் கெட்டால் கம்ப்ரசரோடு ஏர்கோன் முழுவதையும் மாற்ற வேண்டுமாம். தவறு.

வெளிக்காற்று நுழையும் பாதையில் இருக்கும் சின்னப் பொருள் இது. முன்னால் போகும் லாரியின் புகையை உணர்ந்ததும் வெளிக்காற்றுக் கதவை மூட வைக்கும். கெட்டால் கதவு மூடாது, அல்லது மூடியே கிடந்து உள்ளே காற்று புழுங்கும். காரின் கணினியைப் படிக்கும் ஸ்கேனர் வைத்து, அதில் பதிந்த பிழைக் குறியீட்டைப் பாருங்கள். அப்புறம் சென்சாரின் கம்பி பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். என் காரில் செம்மண் தூசியும் பச்சை பூத்த கம்பி முனையும்தான் கோளாறு. சுத்தம் செய்ததும் சரியானது. அப்படியும் சரியாகாவிட்டால் சென்சாரை மட்டும் மாற்றி, குறியீட்டை அழியுங்கள்.

இன்னொன்று, இதை நம்பி எஞ்சினை ஓடவிட்டுக் காருக்குள் தூங்காதீர்கள். கார்பன் மோனாக்சைடு வந்தால் இது உங்களை எழுப்பாது.