பெயர் மட்டும் போதுமா மின்மினிக்கு?

மின்மினிப் பூச்சியின் பெயரை வைக்காத இடமே இல்லை. மென்பொருள் நிறுவனமான அடோபியின், படம் வரைந்து தரும் ஏஐக்குப் பெயர் ஃபயர்ஃபிளை, ஆங்கிலத்தில் மின்மினி. மலேசியாவில் 2007இல் பறக்கத் தொடங்கிய ஒரு விமான நிறுவனத்துக்கும் அதே பெயர். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ்காரர்கள் ஷெர்மன் டாங்கியில் பெரிய பீரங்கியைப் பொருத்தி ஓட்டினார்களே, அதுவும் ஃபயர்ஃபிளைதான். அதே காலத்துப் போர் விமானம் ஒன்றுக்கும் இந்தப் பெயர் உண்டு, அதில் சிலவற்றை 1950களில் நம் கடற்படைகூட வாங்கி வைத்திருந்தது. அப்புறம் 2025 மார்ச் 2ஆம் தேதி நிலாவில் பத்திரமாக இறங்கிய தனியார் கலம். அனுப்பிய நிறுவனம் ஃபயர்ஃபிளை ஏரோஸ்பேஸ், கலத்தின் பெயர் ப்ளூ கோஸ்ட். இந்த ப்ளூ கோஸ்ட் என்பதும் அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைக்காடுகளில் வாழும் ஒரு மின்மினி இனத்தின் பெயர்தான். கலம் இறங்கிய இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மலை இருக்கிறது, மோன்ஸ் லத்ரேய் என்று. லத்ரேய் பிரெஞ்சுப் பூச்சியியலாளர். பிரெஞ்சுப் புரட்சியின்போது பாதிரியாராக இருந்த குற்றத்துக்காகச் சிறையில் கிடந்தவர், அங்கே ஊர்ந்த ஒரு சின்ன வண்டை அரிய இனம் என்று அடையாளம் சொன்னதால் உயிர் பிழைத்தவர். அந்தக் கதையைப் படித்தபோது எனக்குப் புல்லரித்தது.

பெயர் வைப்பதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அழகான பெயர், ஆசைப்படுகிறார்கள், வைத்துக்கொள்ளட்டும். ஆனால் அந்தப் பூச்சி எதை நம்பி வாழ்கிறது என்று பெயர் வைத்தவர்களில் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்? ப்ளூ கோஸ்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆண் பூச்சி கணுக்கால் உயரத்தில், விட்டுவிட்டு மின்னாமல் மங்கிய நீல வெளிச்சத்தோடு மெதுவாக மிதந்து போகும். பெண்ணுக்குச் சிறகே கிடையாது. காய்ந்த இலைச் சருகுக்கு அடியில் புழு மாதிரியே இருந்துகொண்டு, தன் உடம்பில் உள்ள சின்னச் சின்ன வெளிச்சப் புள்ளிகளால் ஆணைக் கூப்பிடும். வேடிக்கை பார்க்க வருகிற ஒருவர் பாதையை விட்டு நாலு எட்டு தள்ளி நடந்தால் போதும், மிதிபட்டுச் செத்துப்போகும். அந்தப் பெயரைத் தாங்கிய கலம் நிலா வரை போய்விட்டது, பெயருக்குச் சொந்தக்காரியால் பக்கத்துச் செடிக்குப் பறக்க முடியாது.

நம் ஊரிலும் இந்தப் பெயரை வேறு விதமாக வீணடித்திருக்கிறோம். மேடைப் பேச்சு எதைக் கேட்டாலும் 'சூரியனுக்கு முன்னால் மின்மினி எம்மாத்திரம்' என்று வந்துவிடும். எதிராளியை மட்டம் தட்ட அந்தப் பூச்சிதான் கிடைத்ததா? நற்றிணையில் ஒரு குறிஞ்சிப் பாட்டு, மலையில் மழைமேகம் நகர்வதை மின்மினி வெளிச்சத்தில் பார்ப்பதாகச் சொல்கிறது. அவ்வளவு இருட்டும் அவ்வளவு மின்மினியும் இருந்த மலை. தூக்கணாங்குருவி தன் கூட்டில் களிமண்ணை அப்பி அதில் மின்மினியை ஒட்டி விளக்கேற்றும் என்று பாட்டிமார் சொல்வார்களே, களிமண் இருப்பது உண்மை, விளக்கு கதைதான். ஆனால் மின்மினி சர்வ சாதாரணமாகக் கண்ணில் பட்ட ஊரில்தான் இப்படி ஒரு கதை பிறக்கும்.

மின்மினி ஈ இல்லை, வண்டு இனம். உலகம் முழுக்க 2,000 வகைக்கு மேல் இருக்கின்றன. நாம் பார்க்கிற பறக்கும் பூச்சி அதன் கடைசிச் சில வாரங்கள் மட்டும். அதற்கு முன்னால் பல மாதங்கள், சில இனங்களில் ஒரு வருடத்துக்கும் மேலே, ஈர மண்ணில் புழுவாக நத்தையைத் தின்று வளர்கிறது. சிறகு முளைத்த பிறகு முக்கியமான வேலை துணை தேடுவதுதான். பல இனங்களில் ஆண் தன் இனத்துக்கே உரிய தாளத்தில் மின்னிக்கொண்டு பறக்கும், கீழே புல்லில் உட்கார்ந்திருக்கும் பெண் சரியான இடைவெளி விட்டுப் பதில் மின்னும், அவன் இறங்கி வருவான். அந்தப் பதில் அவன் கண்ணில் படவில்லையென்றால் அடுத்த தலைமுறை இல்லை. வெள்ளை எல்இடி விளக்கு ஒன்றை மேலே மாட்டிவிட்டு 'ஏன் மின்மினியைக் காணோம்' என்று கேட்பதில் என்ன நியாயம்?

எங்கள் ஊரில் நடந்தது இதுதான். ஓடைக்கரையில் கோடை மழை பெய்து நாலைந்து நாளில் புங்கமர அடியில் மினுக்கத் தொடங்கும். ஹைமாஸ் விளக்கு வந்தது, கரையைச் சுத்தம் செய்கிறோம் என்று சருகையும் புதரையும் ஜேசிபி வைத்து வழித்தார்கள், பக்கத்துத் தோட்டங்களில் களைக்கொல்லி அடிக்காத மாதம் இல்லை. 2020இல் உலகம் முழுக்க உள்ள மின்மினி ஆய்வாளர்களிடம் கேட்டுத் தொகுத்த கட்டுரையில் முதன்மையான ஆபத்துகளாக வந்தவையும் இவையேதான்: வாழிடம் போவது, இரவு விளக்கு, தோட்டத்தில் அடிக்கும் கொல்லி மருந்து. எங்கள் ஓடை மூன்றையும் ஒன்றாகப் பார்த்துவிட்டது.

இந்தப் பூச்சிக்கு நாம் பட்டிருக்கிற கடன் கொஞ்சம் நஞ்சம் இல்லை. அதன் வெளிச்சத்தை உண்டாக்கும் லூசிஃபெரேஸ் என்ற நொதி, லூசிஃபெரின் என்ற பொருளோடு சேர்ந்து, உயிருள்ள எல்லாச் செல்லிலும் இருக்கிற ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு பட்டால் ஒளிரும். பால் பண்ணைகளில் குழாய் கழுவிய பிறகு உள்ளே ஒரு பஞ்சுக் குச்சியால் தடவி, அதைச் சின்னக் குப்பியில் அழுத்தி, கையடக்கக் கருவியில் வைத்தால் சில நொடியில் ஓர் எண் வரும். எண் கூடினால் அழுக்கு இருக்கிறது, திரும்பக் கழுவு. மருத்துவமனைகளில் படுக்கைக் கம்பி, மேசை எல்லாவற்றையும் இப்படிச் சோதிக்கிறார்கள். ஆரம்பத்தில் இந்த நொதிக்காக அமெரிக்காவில் பிள்ளைகளுக்குக் காசு கொடுத்துப் பூச்சிகளைப் பிடித்து வரச் சொன்னார்கள். 1985இல் அதன் மரபணுவைப் பிரித்தெடுத்த பிறகுதான் பூச்சியைக் கொல்லாமல் பாக்டீரியாவிலேயே தயாரிக்க வழி பிறந்தது.

2022 ஏப்ரலில் ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் உலாந்தி சரகத்தில், கண்ணுக்கு எட்டிய வரை காடு முழுக்க ஒரே தாளத்தில் மின்னிய காட்சியை இணையத்தில் பலர் பார்த்துப் பகிர்ந்தீர்கள். அது இன்னும் இருப்பதற்குக் காரணம், ராத்திரியில் நாம் அங்கே போக முடியாது என்பதுதான். மகாராஷ்டிரத்தில் பண்டர்தரா பக்கம் மழைக்கு முன்னால் மின்மினித் திருவிழா என்று கார் கார்களாகப் போய், ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு, செல்போன் டார்ச்சை அடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அமெரிக்காவின் ஸ்மோக்கி மலையில் குலுக்கலில் பெயர் வந்தால்தான் உள்ளே விடுவார்கள், டார்ச்சில் சிவப்புத் தாள் ஒட்டச் சொல்வார்கள். நாம் அதைச் செய்யக்கூடாதா? ஆனைமலையில் பண்டர்தரா மாதிரி ஒரு திருவிழா வரவே கூடாது என்பது என் கருத்து, வந்தால் எதிர்ப்பேன்.

எங்கள் பஞ்சாயத்தில் மனு கொடுத்திருக்கிறேன். விளக்கையே எடுங்கள் என்று கேட்கவில்லை, பெண்பிள்ளைகள் நடந்து வருகிற பாதை அது. வெளிச்சம் ஓடைப் பக்கம் சிதறாமல் மேலே மூடி போடுங்கள், வெள்ளைக்குப் பதில் மஞ்சள் பல்பு மாட்டுங்கள், ஏப்ரலிலிருந்து ஜூன் வரை பத்து மணிக்கு மேல் கரையோர விளக்கை மட்டும் அணையுங்கள், சருகை விட்டுவிடுங்கள். இவ்வளவுதான். கிராம சபையில் பேசலாம் என்றார்கள், பேசுவேன்.

உங்கள் ஊரில் இன்னும் மின்மினி வருகிறதென்றால் கமெண்டில் சொல்லுங்கள், எந்த மாதம், எந்த மரத்தடி என்று. மாவட்டம் போதும், சரியான இடத்தின் லொக்கேஷனை மட்டும் போட்டுவிடாதீர்கள்.